உதவியாளர் (பொறுப்பு)

(நல்லம்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1921ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 'லைக்கன்கள்' என்ற தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டது. நானூறு பக்கங்களுக்கு மேல். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு வாழும் அந்த உயிர்களின் உடலமைப்பு, இனப்பெருக்கம், வளரும் வேகம், மனிதருக்குப் பயன்படும் விதம் எல்லாவற்றையும் ஒருவரே படித்து, சரிபார்த்து, ஒரே நூலுக்குள் கொண்டுவந்திருந்தார். முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர்: ஆனி லோரெய்ன் ஸ்மித். பெயருக்குக் கீழே அவருடைய பதவி அச்சாகியிருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தாவரவியல் துறையில் 'ஆக்டிங்' உதவியாளர். நம் அலுவலக வழக்கில் சொன்னால், உதவியாளர் (பொறுப்பு). அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. அந்த அருங்காட்சியகத்தில் அவர் நுழைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாசில்தார் அலுவலகமும் வட்டார வளர்ச்சி அலுவலகமும் உள்ள ஊர் இது. 'பொறுப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை முழுதும் அவருடையது, நாற்காலி மட்டும் அவருடையது அன்று. சில மாதங்களுக்கு அப்படி இருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் ஆயுள் முழுக்க அப்படியே இருந்து, அந்தத் துறைக்கே அடிப்படை நூல் எழுதியதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதற்கு முன் அவர் ஆராய்ந்த பொருளை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அது உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் பட்டை, கிராம்போடு சேர்த்துத் தாளிக்கும் கல்பாசி ஒரு லைக்கன். மேல்பக்கம் சாம்பல் நிறம், அடிப்பக்கம் கறுப்பு, கையில் எடுத்தால் காய்ந்த சருகாகச் சுருண்டு கிடக்கும். கடையில் வாங்கும் ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரே இனம் இருப்பதில்லை, பல இனங்கள் கலந்தே வருகின்றன. இமயமலைச் சரிவுகளிலிருந்துதான் அதிகமாக வருகிறது, நம் தென்னக மலைகளிலும் எடுக்கிறார்கள். மலையில் பறிப்பவர் தொடங்கி அடுப்பில் போடுபவர் வரை எத்தனையோ கைகளைத் தாண்டி வரும் அந்தப் பொருளை உயிரியல் கண்ணோடு உற்றுப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலர்.

உற்றுப் பார்த்தால் அது ஓர் உயிர் அன்று என்பது தெரியும். ஒரு பூஞ்சையின் மெல்லிய இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலின் மேல் அடுக்குக்குச் சற்றுக் கீழே பச்சை மணிகளைப் போல ஆல்கா செல்கள் சிக்கியிருக்கும். ஆல்கா வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. பூஞ்சை நிழலும் ஈரமும் பிடிமானமும் தருகிறது. தனித்தனியே விட்டால் இரண்டுமே கொதிக்கும் பாறைமேல் நீண்ட நாள் தாங்கமாட்டா. சேர்ந்திருப்பதால், தொப்பூர் கணவாயில் சித்திரை வெயிலில் காயும் கருங்கல்லிலும் வாழ முடிகிறது. அந்தப் பாறைகளில் சாம்பலும் மஞ்சளும் வெளிர்பச்சையுமாக வட்டம் வட்டமாகப் படர்ந்திருப்பதைக் கறை என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், சில அதுகூட வளராது. உள்ளங்கை அகல வட்டம் ஒன்று அங்கே இருந்தால், அதன் வயது இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலரின் வயதுக்குக் குறையாமல் இருக்கலாம்.

இந்த இரட்டை வாழ்க்கையை 1867 வாக்கில் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் சீமோன் ஷ்வெண்டனர். லைக்கன் என்பது தனிச் செடி வகை இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்த கூட்டு என்றார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய லைக்கன் அறிஞர்களில் முதல்வராகக் கருதப்பட்ட வில்லியம் நைலாண்டர் பாரிசில் இருந்துகொண்டு கடைசி வரை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் குரோம்பி என்ற பாதிரியார், அடிமைப்பட்ட கன்னிக்கும் கொடுங்கோல் எஜமானுக்கும் கட்டிவைத்த பொருந்தாக் கல்யாணக் கதை இது என்று கேலி செய்தார். வாழ்நாளெல்லாம் ஒரு செடிக் கூட்டத்துக்குப் பெயர் வைத்து அடுக்கியவர்களிடம், நீங்கள் பெயரிட்டது ஒன்றுக்கு அன்று, இரண்டுக்கு என்றால் கோபம் வரத்தானே செய்யும். அதற்குள் பிரான்சில் போர்னே நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் பிணையும் இடத்தை வரைந்து காட்டிவிட்டார். ஜெர்மனியில் ஸ்டால் ஆல்காவையும் பூஞ்சை வித்தையும் தனித்தனியே எடுத்துச் சேர்த்து லைக்கனை வளர்த்தும் காட்டினார். 1879இல் ஆன்டன் டி பாரி இந்த மாதிரிச் சேர்ந்து வாழ்தலைக் கூட்டுயிர் வாழ்க்கை என்ற கருத்தாக நிலைநாட்டினார். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதும் விடையின் பின்னால் இவ்வளவு சண்டை இருக்கிறது.

இந்தச் சண்டை மும்முரமாக நடந்த காலத்தில் வளர்ந்தவர் ஆனி. 1854இல் லிவர்பூலில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் தென் எல்லையை ஒட்டிய ஹாஃப்மார்ட்டன் என்ற சிற்றூரில் தந்தை சபை ஊழியர். ஆனி எடின்பரோவில் பள்ளிப் படிப்பு முடித்து, பிரான்சின் ஓர்லேயான் நகரிலும் ஜெர்மனியின் டூபிங்கனிலும் மொழி கற்றார். பிறகு வசதியான வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை. அந்தக் காலத்தில் படித்த, மணமாகாத, கையில் பணமில்லாத பெண்ணுக்குக் கௌரவமாகத் திறந்திருந்த கதவு அநேகமாக அது ஒன்றுதான். அந்த இரண்டு மொழிகளும் பின்னாளில் அவருக்குச் சொத்தாயின. ஷ்வெண்டனரையும் டி பாரியையும் போர்னேயையும் யாரும் மொழிபெயர்த்துத் தரக் காத்திராமல் அவரால் மூலத்திலேயே படிக்க முடிந்தது. பூஞ்சையியலில் அன்று அது சின்ன விஷயமில்லை. வேறு மொழி கற்கத் தயங்கும் நம் அறிவியல் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

1888 வாக்கில், முப்பத்து நான்கு வயதில், லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சயன்சில் தாவரவியல் வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியர் டி. எச். ஸ்காட், தொல்தாவர ஆய்வில் பெரும் புகழ் பெற்றவர். மாணவியின் கூர்மையைப் பார்த்து, சவுத் கென்சிங்டனில் இருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் ஒரு வேலைக்குச் சொல்லி அனுப்பினார். மறைந்த டி பாரியின் நுண்ணோக்கிச் சில்லுகளை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியிருந்தது. அவற்றைச் சரிசெய்து அடுக்க வேண்டும். கூட்டுயிர் வாழ்க்கை பற்றி உலகுக்குச் சொன்னவரின் கண் பட்ட கண்ணாடிச் சில்லுகளிலிருந்தே ஆனியின் வேலை தொடங்கியது.

அன்றைய அரசு விதிப்படி அறிவியல் பணியாளராகப் பெண்ணை நியமிக்க முடியாது. ஆகவே ஒரு தனி நிதியிலிருந்து அவருக்குக் கூலி போனது. அதே கட்டடத்தில் சில ஆண்டுகள் கழித்து வந்த டொரதியா பேட், எலும்புப் புதைபடிவங்களைச் சுத்தம் செய்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்கினார். பின்னாளில் அவர் மத்தியதரைக் கடல் தீவுகளில் அழிந்துபோன குள்ள யானைகளைத் தோண்டியெடுத்த பெரிய ஆய்வாளர். நிறுவனம் இவர்கள் உழைப்பை வாங்கிக்கொண்டது, பதிவேட்டில் இடம் தரவில்லை. சம்பளப் பட்டியலைப் பார்த்து அறிவியல் வரலாறு எழுதினால் இப்படிப்பட்டவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

ஆனி அங்கே செய்தது என்ன? வெளிநாடுகளிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் வந்து சேரும் பூஞ்சைப் பொட்டலங்களைப் பிரித்து, நுண்ணோக்கியில் வித்துகளை அளந்து, இன்ன இனம் என்று தீர்மானித்தார். புதிதென்றால் பெயரிட்டு விவரித்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எழுத்தர் வேலையாகத் தோன்றும். நம் மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். தட்டில் புழு செத்து, சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்து விறைத்துப் போகும் நோய் உண்டல்லவா, அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று 1835இல் இத்தாலியின் அகோஸ்தினோ பாசி நிறுவிக் காட்டினார். ஒரு நுண்ணுயிர் விலங்குக்கு நோய் தரும் என்று முதலில் நிரூபிக்கப்பட்டது நம் பட்டுப்புழுவை வைத்துத்தான், பாஸ்டருக்கும் கோஹுக்கும் முன்பே. காரணமான பூஞ்சை எது என்று தெரிந்த பிறகுதான் தட்டைக் கழுவுவது, மருந்து தூவுவது, அறையின் ஈரத்தைக் குறைப்பது எல்லாம். கேழ்வரகுக் குலைநோய்க்கும் நிலக்கடலை இலைப்புள்ளிக்கும் அதே கதைதான். பெயர் பிழையானால் அதன்மேல் கட்டும் வைத்தியமும் பிழையாகும். அந்தப் பெயர்களைச் சரியாக வைத்தவர்களில் ஒருவர் ஆனி.

1896இல் பிரிட்டனின் பூஞ்சையியல் கழகம் தொடங்கியபோது அவர் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். 1907இல் அதற்குத் தலைவரானார், 1917இல் மறுபடியும். சளிப்பூஞ்சை ஆய்வாளர் குலியெல்மா லிஸ்டரும் அக்கழகத்துக்கு இரண்டு முறை தலைமை தாங்கியிருக்கிறார். பழைய பெருங்கழகங்கள் பெண்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த நாளில், புதிதாய்ப் பிறந்த ஒரு சிறு கழகம் அவர்களைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தது. காட்டில் ஒன்றாகக் காளான் தேடி அலைந்தவர்கள் கூடி அமைத்த கழகம் அது. அதனால்தான் அது முடிந்தது என்று நான் எண்ணுகிறேன்.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு கதையை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் என்ற முயலின் கதையை எழுதி உலகப் புகழ் பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் அதற்கு முன் காளான் ஆய்வாளர். ஸ்காட்லாந்துத் தபால்காரர் சார்லஸ் மெகிண்டாஷ் அவருக்குக் காளான்களை அனுப்பி வைப்பார், இவர் வரைந்து அனுப்புவார். வித்துகளை முளைக்க வைத்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். 1897 ஏப்ரல் 1 அன்று, அந்தப் பழைய பெருங்கழகங்களில் ஒன்றான லண்டன் லின்னேயன் கழகத்தில் அது முன்வைக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜார்ஜ் மாசி அவர் சார்பில் கொண்டுபோனார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அச்சேறவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1997இல், அக்கழகம் வருத்தம் தெரிவித்தது.  

பாட்டரின் கதையை உலகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதில் அவமதிப்பு இருக்கிறது, விலகல் இருக்கிறது, பிறகு வேறு துறையில் வெற்றி இருக்கிறது. சொல்வதற்குச் சுவையான கதை. ஆனியின் வாழ்க்கையில் அப்படி ஒரு திருப்பமும் கிடையாது. அவர் விலகவில்லை. காலையில் வந்து, பொட்டலத்தைப் பிரித்து, பெயர் எழுதி, மாலையில் வீடு திரும்பினார். மறுநாளும் வந்தார். பாட்டரின் மேதைமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், அறிவியலில் ஒரு துறை நிற்பது ஆனியைப் போன்றவர்களின் முதுகில்தான் என்று உறுதியாக நம்புகிறேன். நம் பெண்பிள்ளைகளுக்கு வெளியேறியவர்களின் கதையை மட்டும் சொல்லி வளர்ப்பது நியாயமில்லை.

லின்னேயன் கழகத்தின் கதவும் திறந்தது. பாசி, பெரணிச் செடிகளை ஆராய்ந்த மேரியன் ஃபார்குவர்சன் 1900 முதல் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போராடினார். 1904 டிசம்பரில் முதல் தொகுதிப் பெண்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆனி அதில் ஒருவர், குலியெல்மா லிஸ்டரும் ஒருவர். கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைத்த ஃபார்குவர்சனின் பெயரை மட்டும் அன்றைய வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 1908இல்தான் ஏற்றார்கள். அப்போது உடல்நலம் கெட்டு, நேரில் வந்து கையொப்பமிட முடியாமலே 1912இல் அவர் காலமானார்.

ஆனி லைக்கன் பக்கம் முழுதாகத் திரும்பியது 1906க்குப் பிறகு. நான் முன்பு சொன்னேனே, பொருந்தாக் கல்யாணம் என்று கேலி செய்த குரோம்பி, அவர் பிரிட்டிஷ் லைக்கன்கள் பற்றிய பெருந்தொகுப்பின் முதல் பாகத்தை 1894இல் வெளியிட்டிருந்தார். இரண்டாம் பாகம் முடியாமலே 1906இல் இறந்தார். அதை முடிக்கும் வேலை ஆனியிடம் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர், அதுவரை முதன்மையாகப் பூஞ்சை பார்த்தவர், புதிதாக ஒரு துறையைக் கற்று 1911இல் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். பிறகு முதல் பாகத்தையும் திருத்தி 1918இல் வெளியிட்டார். கூட்டுயிர்க் கொள்கையை ஏற்காதவர் விட்டுச்சென்ற குறிப்புகளை, அதை ஏற்றவர் எடுத்து நேர்மையாக முடித்துக் கொடுத்தார். கொள்கை வேறு, குரோம்பி சேர்த்துவைத்த மாதிரிகளும் அளவுகளும் வேறு என்ற தெளிவு இருந்தால்தான் இது முடியும்.

அறையில் உட்கார்ந்து மட்டும் அவர் வேலை செய்யவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிளேர் தீவு என்ற சிறு தீவில், 1909 முதல் 1911 வரை ராபர்ட் லாயிட் பிரேகர் தலைமையில் ஒரு பேராய்வு நடந்தது. தீவில் உள்ள செடி, பூச்சி, பறவை, பாறை, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். அதில் லைக்கன் பகுதியை எழுதியவர் ஆனி. அந்த ஆய்வுக் காலத்தில் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தின் மட்டில்டா நோல்ஸ் லைக்கன் ஆய்வில் இறங்கினார். கடலோரப் பாறைகளில் அலை படும் உயரத்துக்கு ஏற்பக் கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல் என்று லைக்கன்கள் பட்டை பட்டையாகப் படர்வதை விவரித்தவர் அவர். 1929இல் அயர்லாந்தின் லைக்கன்கள் பற்றிய முழுநூல் எழுதினார். அவருக்கு வாய்த்த பதவியின் பெயரும் தற்காலிக உதவியாளர்தான்.

1921ஐப் பற்றிச் சொல்லும்போது பெரிய நூலோடு நின்றுவிடக் கூடாது. அதே ஆண்டில் ஆனி ஒரு சிறு கையேட்டையும் வெளியிட்டார். பிரிட்டனில் அறிந்த லைக்கன்களை எல்லாம் இனங்காணும் திறவுகோல் அது. விளிம்பு இப்படியா, வித்து இத்தனை அறையா என்று கேள்வி கேட்டுக் கேட்டு, புதிதாய் வருபவரைக் கைப்பிடித்துப் பெயர் வரை கொண்டுபோய் விடும். அறிஞர்களுக்கு ஒரு நூல் எழுதியவர், தொடக்க மாணவருக்கும் ஒன்று எழுதாமல் ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டில் அவர் பெருமையைக் காட்டுவது சிறிய நூல். பெரிய நூலும் அரை நூற்றாண்டு கழித்து 1975இல் மறு அச்சாயிற்று. 1931இல் அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது அளித்தது. எண்பதை நெருங்கும் வரை வேலைக்குப் போய்வந்தார். 1937இல் லண்டனில் காலமானார்.

நம் நாட்டுக்கு வருகிறேன். லக்னோவில் டி. டி. அவஸ்தி சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இந்திய லைக்கன் ஆய்வுக்கு அடித்தளம் போட்டார். புனேவின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஊர்மிளா மகிஜா, பட்வர்தனோடு சேர்ந்து, மரப்பட்டையோடு பட்டையாய் ஒட்டிக்கிடக்கும், பெயர் கண்டுபிடிக்க மிகக் கடினமான மேலோட்டு லைக்கன்களை வரிசைப்படுத்தினார். இந்தியாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் உள்ளவற்றை ஒரு பள்ளி மாணவி தமிழில் படித்து இனங்காணும்படி ஒரு திறவுகோல் எழுதப்பட வேண்டும். அது எழுதப்படுவதற்கு மாதிரிகள் வேண்டும். ஆகவே மீதி நேரத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கே தருகிறேன்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் இருக்கிறது. அந்தச் சாயம் லைக்கனிலிருந்து எடுப்பது. ரொசெல்லா என்ற அந்தச் சாய லைக்கனின் ஓர் இனம் நம் தமிழ்நாட்டுக் கடற்கரை மரங்களிலேயே தொங்குகிறது. லைக்கன்களைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். தேசிய நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரம் ஒன்று, ஊருக்குள் வண்டி போகாத இடத்தில் அதே பருமனில் இன்னொன்று, இரண்டின் பட்டையையும் ஒப்பிடுங்கள். 1866இலேயே நைலாண்டர், பாரிசில் நகரப் புகை படும் இடங்களில் லைக்கன் அற்றுப் போவதைக் கண்டு எழுதினார். கூட்டுயிர்க் கொள்கையில் தவறியவர் இதில் தவறவில்லை. சுத்தமான காற்றில் தாடியாகத் தொங்கும் வகைகள் முதலில் மறையும், பட்டையோடு ஒட்டிய வகைகள் கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

மாதிரி எடுக்கும்போது நகத்தளவு போதும், மொத்தமாகச் சுரண்டாதீர்கள். அது திரும்ப வளர உங்கள் பேரப்பிள்ளை காலம் ஆகும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். செய்தித்தாளை மடித்துப் பொட்டலமாக்கி நிழலில் உலர்த்துங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சில இனம் மஞ்சளாகும், சில ரத்தச் சிவப்பாகும், சில மாறவே மாறாது. சலவைத் தூள் கரைசலுக்குச் சிவப்பாகும் வகைகளும் உண்டு. இந்தச் சோதனையை அறிமுகப்படுத்தியவரும் நைலாண்டரே. ஆனியின் நூல்களில் இனங்காணும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

பொட்டலத்தின் மேல் ஊர், மரமா பாறையா, என்ன மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், தேதி எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும். ஒரு பொட்டலம் பள்ளி அலமாரியில் இருக்கட்டும். அதற்கு இணையான இன்னொன்றை ஆசிரியர் மூலம் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்பலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பும் பொட்டலத்தில் 'சேகரித்தவர்' என்ற வரியில் பள்ளியின் பெயரையோ உங்கள் பெயரையோ எழுதாதீர்கள். பாறையில் ஏறி எடுத்து வந்த பிள்ளையின் பெயரை, தலைப்பெழுத்தோடு முழுதாக எழுதுங்கள்.